மண்ணின் கணக்கு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மண். நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் மண்ணைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். காலையில் நீங்கள் உண்ட இட்டிலியும், உடுத்தியிருக்கும் பருத்தி ஆடையும், தலைக்குத் தடவிய எண்ணெயும் மண் தந்தவைதாம். தந்துகொண்டேயிருக்கும் ஒருவருக்கு நாம் திருப்பித் தருவது என்ன? தருவதை எந்த முறையில் தருகிறோம்? உழுவதைவிட எருவிடுவது மேலானது என்று வள்ளுவர் கருதினார். அந்தக் கருத்தை இன்றைய அறிவியல் எவ்வாறு சோதித்துப் பார்த்தது, என்ன கண்டது என்பதே என் பேச்சின் சாரம்.

அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் உள்ளது மீன்சுருட்டி. மண்ணைப் பற்றிப் படிக்க விரும்பும் மாணவனுக்கு இவ்வட்டாரம் ஒரு திறந்த பாடநூல். செயங்கொண்டம் பக்கம் போனால் முந்திரித் தோப்புகள் நிறைந்த செம்மண் மேட்டு நிலம். அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்பு கலந்த கரிசல். தெற்கே கொள்ளிடத்தை நெருங்கினால் ஆறு கொண்டுவந்து படிவித்த வண்டல். இந்தச் சிறு வட்டத்துக்குள் நெல்லும், உளுந்தும், எள்ளும், நிலக்கடலையும், கரும்பும், பருத்தியும், மக்காச்சோளமும் விளைகின்றன. ஒரே நிலத்தில் ஒன்றன் பின் ஒன்றாக வெவ்வேறு பயிர்களை முறை வைத்துச் சாகுபடி செய்வதைப் பயிர்ச்சுழற்சி என்கிறோம். சம்பா நெல்லை அறுத்த ஈரத்தில் உளுந்து விதைப்பதும், நிலக்கடலைக்குப் பின் எள் விதைப்பதும் நம் முன்னோர் பழகிய சுழற்சிகளே.

இங்கே கடைத்தெருவில் உழவர்கள் கூடும்போது இரண்டு கட்சிகளைக் காணலாம். “மூட்டை உரம் போடாவிட்டால் முதலுக்கே மோசம், குப்பை எருவை நம்பி யார் பிழைக்க முடியும்?” என்பது ஒரு கட்சி. “செயற்கை உரம் மண்ணைப் பாழாக்கிவிட்டது, அதைத் தொடவே கூடாது” என்பது மற்றொரு கட்சி. இரு சாராரும் தம் அனுபவத்தையே சான்றாகக் காட்டுகின்றனர். ஆனால், நண்பர்களே, ஒரு மனிதனின் அனுபவம் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு உட்பட்டது. மண்ணோ மெல்ல மாறுவது. அதன் வழக்கில் தீர்ப்புச் சொல்ல நீண்ட ஆயுள் படைத்த சாட்சிகள் வேண்டும். அத்தகைய சாட்சிகள் உண்டு. அவற்றை அழைப்பதற்கு முன், வழக்கு இன்னதென்று தெரிந்துகொள்வோம்.

பயிருக்கு மிகுதியாக வேண்டிய சத்துகள் மூன்று. இலையும் தண்டும் பச்சென்று வளரத் தழைச்சத்து. வேர் ஓடவும் மணி பிடிக்கவும் மணிச்சத்து. தண்டு உறுதிபெறவும் நோயைத் தாங்கவும் சாம்பல்சத்து. இவையன்றிச் சுண்ணாம்பு, கந்தகம், துத்தநாகம், இரும்பு முதலியவையும் வேண்டும். ஒரு டன் நெல் விளைந்தால், வைக்கோலையும் சேர்த்துச் சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்து வயலை விட்டு வெளியேறுகிறது. சாம்பல்சத்தும் ஏறக்குறைய அந்த அளவே வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதி வைக்கோலில் இருக்கிறது. நெல்லை விற்று, வைக்கோலையும் விற்றுவிட்டால், நாம் விற்றது விளைச்சலை மட்டுமன்று. நிலத்தின் கையிருப்பையும் சேர்த்தே விற்றிருக்கிறோம்.

இந்த இழப்பை ஈடுசெய்ய என்ன வழி? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஆகவே 45 கிலோ மூட்டை ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 20 கிலோ. நன்கு மக்கிய தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப் பங்குதான் தழைச்சத்து. அதே 20 கிலோவை எருவிலிருந்து பெற வேண்டுமானால் 4 டன் எரு வேண்டும். ஒருவர் தோளில் சுமந்து போகும் மூட்டைக்கு எதிரே, வண்டி வண்டியாக ஏற்றி இறக்க வேண்டிய குவியல்! உழவர் ஏன் மூட்டையின் பக்கம் சாய்ந்தார் என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும். அவரைக் குறை கூறுவது எளிது. அவருடைய ஆள்கூலியையும் வண்டி வாடகையையும் யார் கொடுப்பது?

ஆனால் கணக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. அந்த 4 டன் எருவில் தழைச்சத்தோடு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் துத்தநாகமும் கந்தகமும் சிறிது சிறிதாகக் கலந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் கரிமப் பொருள் இருக்கிறது. எரு மக்கி, மண்துகள்களோடு கலந்து, அவற்றைச் சிறு சிறு கட்டிகளாகச் சேர்த்துப் பிடிக்கிறது. கட்டிகளுக்கு இடையே காற்றும் நீரும் தங்குகின்றன. மழை பெய்தால் நீர் ஓடிவிடாமல் உள்ளே இறங்குகிறது. வெயில் அடித்தால் ஈரம் சட்டென்று வற்றிப்போவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத கோடானுகோடி நுண்ணுயிர்களும், கண்ணுக்குத் தெரியும் மண்புழுக்களும் அதை உண்டு வாழ்கின்றன. மூட்டை உரம் பயிருக்கு இட்ட சோறு என்றால், எரு அந்தப் பயிர் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கும் வேலை. ஓட்டை வீட்டில் இருப்பவனுக்கு எவ்வளவு சோறு போட்டாலும் உடம்பு தேறாது. நல்ல வீட்டில் குடிவைத்துவிட்டுச் சோறு போடாவிட்டாலும் அவன் பிழைக்க மாட்டான்.

இனிச் சாட்சிகளை அழைப்போம்.

முதற் சாட்சி இங்கிலாந்தில் இருக்கிறது. ராதாம்ஸ்டெட் என்னும் இடத்தில் ஜான் லாஸ் என்ற நிலக்கிழாரும் கில்பர்ட் என்ற இரசாயன அறிஞரும் 1843ஆம் ஆண்டில் ஒரு கோதுமை வயலைப் பல பகுதிகளாகப் பிரித்தனர். ஒரு பகுதிக்கு எதுவும் இல்லை. ஒன்றுக்குத் தொழு உரம். மற்றவற்றுக்குப் பல்வேறு இரசாயன உரங்கள். அச்சோதனை இன்றும் நடைபெற்று வருகிறது. எதுவும் இடாத பகுதியோடு ஒப்பிட்டால், தொழு உரம் பெற்று வந்த பகுதியின் மேல்மண்ணில் இரு மடங்குக்கும் மேலான கரிமச்சத்து இருக்கிறது. அங்கேயே வாற்கோதுமை வயல் ஒன்றில், 1852 முதல் 1871 வரை இருபது ஆண்டுகள் மட்டும் எருவிட்டுப் பின்னர் நிறுத்திவிட்டனர். நிறுத்தி ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் அந்த எருவின் அடையாளம் மண்ணில் காணப்பட்டது. பாட்டன் இட்ட எரு பேரன் காலத்திலும் பேசுகிறது என்று நம் ஊரில் யாராவது சொன்னால் அதை வெறும் புகழ்ச்சி என்று தள்ளிவிடாதீர்கள்.

இங்கிலாந்து குளிர் நாடு. அங்கே கண்டது நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் வெயிலில் கரிமப் பொருள் விரைவாகச் சிதைந்து கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. அங்கே ஒரு முறை இட்டால் நெடுநாள் நிற்பது, இங்கே அடிக்கடி இட்டால்தான் நிற்கும். ஆகவே நம் நாட்டுச் சாட்சியே நமக்குத் தேவை.

தமிழ்நாட்டில் இரசாயன உரத்தின் வரலாறு புதியதன்று. இந்தியாவின் முதல் உரத் தொழிற்சாலை 1906ஆம் ஆண்டில் நம் இராணிப்பேட்டையில்தான் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கியது. அதன்பின் வந்த 1909ஆம் ஆண்டை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டில் ஜெர்மனியில் ஹேபர் என்ற விஞ்ஞானி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் முறையைச் செய்துகாட்டினார். இன்றைய யூரியாவுக்கெல்லாம் மூலம் அதுவே. அதே 1909இல் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரிப் பண்ணையில் நிரந்தர உரச் சோதனை தொடங்கப்பட்டது. நோய்க்கு மருந்து பிறந்த அன்றே, அம்மருந்தின் குணத்தைச் சோதிக்கும் கூடமும் பிறந்ததுபோல் அமைந்துவிட்டது! ஒரு பாத்திக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்குச் சாம்பல்சத்து மட்டும், சிலவற்றுக்கு இரண்டிரண்டாக, ஒன்றுக்கு மூன்றும் சேர்த்து, ஒன்றுக்கு மாட்டெரு, ஒன்றுக்கு எதுவும் இல்லை என்று பிரித்து, தலைமுறை தலைமுறையாக ஆராய்ச்சியாளர்கள் அதைப் பேணி வந்திருக்கின்றனர். அதனைத் தொடங்கியவர்களில் ஒருவர்கூட இன்று இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு மண் இன்னும் விடை சொல்லிக்கொண்டிருக்கிறது.

பின்னர், 1970இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் பல மையங்களில் நீண்டகால உரச் சோதனைகளைத் திட்டமிட்டது. அதன்படி கோயம்புத்தூரில் 1972ஆம் ஆண்டு, கேழ்வரகும் அதன்பின் மக்காச்சோளமும் மாறி மாறி வரும் சுழற்சியில் ஒரு சோதனை தொடங்கிற்று. சுண்ணாம்பு கலந்த கருமை சார்ந்த மண் அது. நம் அரியலூர்க் கரிசலுக்கு உறவு என்று சொல்லலாம். அங்கே கண்டவை நான்கு.

முதலாவது: தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்தி, எதுவும் பெறாத பாத்தியைவிட அதிகம் முன்னேறவில்லை. அந்த மண்ணில் மணிச்சத்துக் குறைவு. அக்குறை நீங்காத வரையில் யூரியாவைக் கொட்டிப் பயனில்லை. குறைந்த சத்து எதுவோ அதுவே விளைச்சலின் எல்லையை வகுக்கிறது என்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மானிய அறிஞர் பரப்பிய விதி, கோயம்புத்தூர் மண்ணில் கண்கூடாயிற்று.

இரண்டாவது: மூன்று சத்துகளையும் மண் ஆய்வின்படி அளவோடு பெற்ற பாத்தி பாழாகிவிடவில்லை. பயிர் நன்றாக வளர்ந்ததால் அதன் வேரும் தாளும் மிகுதியாக மண்ணில் தங்கின. அதனால் எதுவும் பெறாத பாத்தியைவிட அங்கே கரிமச்சத்து மிகுந்தே இருந்தது. இரசாயன உரம் தொட்ட மாத்திரத்தில் மண் செத்துவிடும் என்பவர்களுக்கு இது விடை.

மூன்றாவது: அதே மூன்று சத்துகளோடு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 10 டன் தொழு உரமும் பெற்ற பாத்தியே விளைச்சலிலும் கரிமச்சத்திலும் நுண்ணுயிர்ப் பெருக்கத்திலும் முன்னணியில் நின்றது. மூட்டை மட்டும் போதும் என்பவர்களுக்கு இது விடை.

நான்காவது, நாம் அதிகம் எண்ணிப் பாராதது: சாம்பல்சத்து இடாத பாத்திகளில் பயிர் ஆண்டுதோறும் மண்ணின் சேமிப்பிலிருந்தே அதை எடுத்துக்கொண்டது. விளைச்சல் உடனே குறையவில்லை. வங்கியில் பணம் இருக்கும் வரையில் எந்தக் காசோலையும் திரும்பிவருவதில்லை அல்லவா? திரும்பும் நாளில்தான் கணக்கு வெறுமையானது தெரியும்.

இன்னொரு சாட்சியையும் கேட்டுவிடுவோம். இமாசலப் பிரதேசத்தில் பாலம்பூர் என்னும் இடத்தில், அமிலத்தன்மையுள்ள மண்ணில், மக்காச்சோளமும் கோதுமையும் மாறி வரும் சுழற்சியில் இதே சோதனை நடைபெற்றது. தழைச்சத்து மட்டும் யூரியாவாகப் பெற்ற பாத்தியில் ஆண்டுகள் செல்லச் செல்ல விளைச்சல் இறங்கி, இறுதியில் ஒன்றுமே விளையாமற் போயிற்று. ஏன்? யூரியா மண்ணில் அம்மோனியமாகி, நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் பிறக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் அந்த அமிலம் அடங்கிவிடும். சுண்ணாம்பு இல்லாத மண்ணில் அது சேர்ந்துகொண்டே போகும். எருவிட்ட பாத்தியிலோ இந்தக் கேடு நேரவில்லை. செயங்கொண்டம் செம்மண்ணில் சாகுபடி செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும். நம் செம்மண் பாலம்பூர் மண் அன்று. எனினும் கரிசலுக்குள்ள தாங்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அரியலூரில் செல்லும் வழக்கம் செயங்கொண்டத்திலும் செல்லும் என்று கொள்ளலாகாது.

இனிப் பயிர்ச்சுழற்சிக்கு வருவோம். உளுந்து, பயறு, நிலக்கடலை முதலிய பயறு இனச் செடிகளைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இருக்கும். அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. ஹேபர் பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் செய்ததை, உளுந்து வேர் ஓசையின்றிச் செய்கிறது. இந்த உண்மையை 1880களில் ஜெர்மானிய அறிஞர்கள் மெய்ப்பித்தனர். நெல்லுக்குப் பின் உளுந்து விதைத்த நம் முன்னோர் காரணத்தை அறியாமலேயே பயனைக் கண்டிருந்தனர்.

ஆனால் ஒன்று. செடியைக் கொத்தோடு பிடுங்கி, கொடியையும் வேரையும் களத்துக்குக் கொண்டுபோய்விட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. அறுவடையில் நாம் விட்டுவைப்பதே அடுத்த பயிருக்கு முதல்.

சுழற்சியில் கணக்கைப் பயிருக்குப் பயிர் தனியாகப் போடுவது தவறு. சுழற்சி முழுமைக்கும் சேர்த்தே போட வேண்டும். சம்பா நெல்லுக்கு இட்ட எரு முழுவதும் சம்பாவோடு தீர்ந்துவிடுவதில்லை. பின்வரும் உளுந்துக்கும் அது உதவும். மணிச்சத்து உரத்தில் ஒரு சிறு பகுதியையே முதற்பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதி மண்ணோடு பிணைந்து மெல்ல மெல்லக் கிடைக்கிறது. நிலக்கடலைக்குக் காய் திரளச் சுண்ணாம்பும் கந்தகமும் வேண்டும். அதற்காகவே ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ ஜிப்சம் இடும்படி பரிந்துரைக்கிறார்கள். சூப்பர் பாஸ்பேட் உரத்தில் மணிச்சத்தோடு இந்த இரண்டும் இருந்தன. டி.ஏ.பி.யில் மணிச்சத்து மிகுதி, கந்தகம் இல்லை. பழைய உரத்தை விட்டுப் புதிய உரத்துக்கு மாறிய உழவர், தாம் அறியாமலேயே மண்ணுக்குக் கந்தகத்தை நிறுத்திவிட்டார். ஒரு பயிரில் அது தெரியாது. பத்துப் பயிருக்குப் பின் தெரியும்.

இவ்வளவும் கேட்டபின், “ஐயா, எரு நல்லதுதான், எங்கே கிடைக்கிறது?” என்று நீங்கள் கேட்பீர்கள். இதுவே உண்மையான இடர்ப்பாடு. உழவு மாடுகளின் இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டது. சாணம் குறைந்தது, குறைந்த சாணமும் பல இடங்களில் வரட்டியாக அடுப்புக்குப் போயிற்று. ஏக்கருக்கு 5 டன் எருவிடும்படி பரிந்துரை இருக்கிறது. அதைத் தன் கொட்டிலிலிருந்தே தரக்கூடிய வீடு ஊருக்கு எத்தனை?

ஆகவே இருப்பதை வீணாக்காமலும், இல்லாததற்கு மாற்றுத் தேடியும் செல்ல வேண்டும். வெட்டவெளியில் குவிந்து கிடக்கும் குப்பைமேட்டில் வெயிலும் மழையும் பட்டுத் தழைச்சத்துப் போய்விடுகிறது. நிழலில் குழி எடுத்து, சாணமும் குப்பையும் அடுக்கி, ஈரம் காத்து, மேலே மண் பூசி வைத்தால் சத்து நிற்கும். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி அதன் சிறுநீரில் இருக்கிறது. கொட்டிலில் மண்ணோ வைக்கோலோ பரப்பி அதை உறிஞ்சச் செய்து குழியில் சேர்க்க வேண்டும். அரைகுறையாக மக்கிய எருவை இடலாகாது. அது களை விதையையும் புழுவையும் கொண்டுவரும். மக்குவதற்காகப் பயிரின் தழைச்சத்தையே கடன் வாங்கும்.

மாடு இல்லாதவர்க்குத் தக்கைப்பூண்டும் சணப்பையும் கொழிஞ்சியும் இருக்கின்றன. சம்பாவுக்கு முன் விதைத்து, பூக்கும் தறுவாயில், ஏறக்குறைய 45 நாளில் மடக்கி உழுதால் வயலிலேயே எரு விளைந்துவிடும். 2024இல் தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் தமிழ்நாட்டு அரசு பசுந்தாள் உர விதைகளை உழவர்க்கு வழங்கியிருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை மடக்குவது நம் பழைய வழக்கம். கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை மேட்டு நிலத்துக்கு அடிப்பதும் அத்தகையதே; இராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் என்னும் பொன்னேரியின் அருகே வாழும் நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மக்காச்சோளத் தட்டையைக் கொளுத்துவதை நிறுத்தி அதை மக்கவைத்தாலே பெரும் பயன் உண்டு. இவற்றின் மேல், குறையும் சத்துக்கு மட்டும், மண் ஆய்வு சொல்லும் அளவில், மூட்டை உரத்தை வாங்கலாம்.

மண் ஆய்வு என்றேன். 2015 முதல் மண்வள அட்டை வழங்கப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அது பெட்டியின் அடியில் கிடக்கக்கூடும். எடுத்துப் பாருங்கள். அதில் கரிமச்சத்து என்று ஒரு வரி இருக்கும். நூற்றுக்கு அரைக்கும் கீழே இருந்தால் குறைவு. முக்காலுக்கு மேல் இருந்தால் நிறைவு. அந்த ஒரு எண்ணைத் தந்தையாரிடம் படித்துக் காட்டி, சென்ற மூன்று போகங்களில் நிலத்துக்கு என்னென்ன இட்டீர்கள், என்னென்ன எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். கடைக்காரர் கணக்கு எழுதுகிறார், வங்கி எழுதுகிறது, நிலத்தின் கணக்கை மட்டும் ஏன் ஒருவரும் எழுதுவதில்லை?

ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற உரிமையில் இன்னும் ஒரு வேலையும் உங்களுக்குத் தருகிறேன். பள்ளித் தோட்டத்தில் நான்கு பாத்திகள் பிரியுங்கள். ஒன்றுக்கு எதுவும் வேண்டாம். ஒன்றுக்கு யூரியா மட்டும். ஒன்றுக்கு மூன்று சத்துகளும் அளவோடு. நான்காவதற்கு மூன்று சத்துகளோடு மக்கிய எரு. ஆண்டுதோறும் முதலில் கேழ்வரகு, அடுத்து உளுந்து விதைத்து, விளைச்சலை நிறுத்து எழுதுங்கள். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு குடம் நீரை ஊற்றி, அது எத்தனை நிமிடத்தில் உள்ளே இறங்குகிறது என்றும் குறித்து வையுங்கள். முதல் ஆண்டில் பெரிய வேறுபாடு தெரியாமற் போகலாம். அதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். நீங்கள் தேர்வு எழுதி வெளியேறும்போது குறிப்பேட்டை அடுத்த வகுப்பு மாணவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர்கள் அதற்கடுத்த வகுப்பாரிடம் ஒப்படைப்பார்கள். மனிதருக்கு வயதாகிறது, பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் மாணவப் பருவந்தான். மண்ணைக் கேள்வி கேட்கத் தகுதியானது அதுவே.